கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் ஆராய்ச்சி: கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஓசூரில் எம்பெடட் வேலை (இயந்திரங்களுக்குள் வைக்கும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டு வேலை) பார்க்கிறேன், சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் பேரோடு உட்கார்ந்து போர்டு, சென்சார், சிப் என்று பேசுவோம். நேரில் கேட்பது போக போனிலும் கேட்கிறார்கள், அவர்களைப் பெற்றவர்களும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கம்ப்யூட்டர் சயின்ஸும் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கும் ஒன்றா அண்ணா?

பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் சுவர் கிடையாது. கணக்கை எப்படிப் போடுவது என்று யோசிப்பது ஒரு வீடு. அந்தக் கணக்கைப் போடும் பொருளை எப்படிச் செய்வது, அது எவ்வளவு மின்சாரம் தின்னும், எவ்வளவு சூடாகும், எத்தனை ரூபாய்க்கு முடியும் என்று யோசிப்பது இன்னொரு வீடு. நம் ஊர்க் கல்லூரிகளில் இரண்டாவது வீட்டின் பாடங்கள் பாதி இசிஇ-யிலும் பாதி சிஎஸ்இ-யிலும் பிரிந்து கிடக்கின்றன. அதனால் எந்தப் பிரிவில் இருந்தாலும் மீதிப் பாதியை நீங்களே தேடிப் படித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது உலகத்தில் ஆராய்ச்சி எதைச் சுற்றி நடக்கிறது? சிப்பை இன்னும் வேகமாக்கவா?

நேரடி வேகத்துக்கான ஓட்டம் நின்று இருபது வருடம் ஆகிறது. ஒரு சிப்பில் போடக்கூடிய டிரான்சிஸ்டர்களின் (மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் செய்யும் மிகச் சின்ன சுவிட்சுகளின்) எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும் என்று 1965-ல் கார்டன் மூர் எழுதினார், அது வெகுகாலம் நடந்தது. டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதற்குத் தேவையான மின்சாரமும் அதே கணக்கில் குறையும் என்ற இன்னொரு நல்ல காலமும் கூடவே ஓடியது, அது 2005 வாக்கில் முடிந்துபோனது. 2004-லேயே பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டது. இன்று உங்கள் லேப்டாப் என்ன வேகம் என்று பாருங்கள், அதைவிடப் பெரிதாக எங்கேயும் போயிருக்காது. அதற்கு மேல் தள்ளினால் சூடு தாங்காது, அதனால்தான் ஒரே சிப்பில் நாலு கோர், எட்டு கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் மூளைகள்) என்று பக்கவாட்டில் வளர்ந்தார்கள்.

சரி, இப்போது தொல்லை எங்கே இருக்கிறது? டேட்டாவைத் தூக்கிக்கொண்டு போவதில். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 2014-ல் ஒரு கணக்கை எடுத்து வைத்தார்: செயலிக்குள் இரண்டு எண்களைக் கூட்டுவதற்கு ஆகும் மின்சாரத்தைவிட, அந்த எண்ணை வெளியில் இருக்கும் டிரேம் மெமரியிலிருந்து எடுத்து வருவதற்கு ஆகும் மின்சாரம் ஆயிரம் மடங்குக்கும் மேல். பாலக்கோட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. தக்காளியைப் பறிக்கிற கூலி ஒரு பக்கம், அதைக் கோயம்பேட்டுக்கு ஏற்றிப் போகிற லாரி வாடகை ஒரு பக்கம், எது வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். விலை இறங்கினால் பறிக்காமலே விடுவது அந்த வாடகையால்தான். கம்ப்யூட்டரிலும் கணக்கு மலிவு, வண்டி வாடகை அதிகம்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இப்போது வரும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பாதிக்குமேல் எதற்காக எழுதப்படுகின்றன என்பது புரிந்துவிடும்.

அந்த வாடகையை எப்படிக் குறைக்கிறார்கள்?

பல வழி. கூகுள் 2015-லிருந்து தன் டேட்டா சென்டர்களில் டிபியு என்ற, ஏஐ கணக்குக்கென்றே செய்த சிப்பைப் பயன்படுத்துகிறது, அதன் உள்ளமைப்பை 2017-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதில் 256-க்கு 256 என்று 65,536 சின்னச் சின்னப் பெருக்கல் அலகுகள் வரிசையாக நிற்கும். கட்டட வேலையில் செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்களே, அதுபோல ஒரு எண் மெமரியிலிருந்து ஒரே தடவை உள்ளே வந்து, அலகுக்கு அலகு கைமாறிப் போய்க்கொண்டே எல்லோருக்கும் பயன்பட்டுவிடும், ஒவ்வொரு கணக்குக்கும் மெமரிக்கு ஓட வேண்டியதில்லை. இந்த யோசனையை 1970-களின் கடைசியிலேயே குங், லைசர்சன் இருவரும் எழுதிவிட்டார்கள், நாற்பது வருடம் கழித்துத்தான் அதற்கு வேலை வந்தது. பழைய கட்டுரைகளைப் படியுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு வழி, மெமரிக்கு உள்ளேயே கணக்கைப் போட்டுவிடுவது. இதில் ஆய்வகங்கள் மும்முரமாக இருக்கின்றன, கடைக்கு வந்த பொருள் இன்னும் குறைவு. பெரிய சிப்பைத் துண்டு துண்டாகச் செய்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவது இன்னொன்று, அதற்கு சிப்லெட் என்று பெயர்.

ஆனால் உங்கள் கைக்கு இன்றைக்கே எட்டுகிற வழி, எண்களையே சுருக்குவது. குவான்டைசேஷன் என்பார்கள். 32 பிட்டில் வைத்த எண்ணை 8 பிட்டில் வைத்தால் ஏஐ மாடல் (எண்களின் பெரிய மூட்டைதான் அது) கால்வாசி ஆகிவிடும், துல்லியம் பல வேலைகளில் மிகக் கொஞ்சம்தான் குறையும். 700 கோடி எண்கள் கொண்ட ஒரு மொழி மாடலை 16 பிட்டில் வைத்தால் 14 ஜிபி, 4 பிட்டில் வைத்தால் மூன்றரை ஜிபி. அதாவது 8 ஜிபி ரேம் இருக்கிற சாதாரண லேப்டாப்பில், இணையமே இல்லாமல், மெதுவாகவாவது ஓடும். எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் அப்படி ஓட்டிக் காட்டியபோது எல்லோரும் அவன் லேப்டாப்பைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

இதெல்லாம் அமெரிக்காவில் நடப்பது. நம் ஊருக்கு என்ன பிரயோஜனம்?

இந்தக் கேள்வியைக் கோபமாகக் கேட்கிறவர்களும் உண்டு, நியாயமான கோபம்தான். ஓசூர் பட்டறை ஒன்றை வைத்துச் சொல்கிறேன்.

லேத், கிரைண்டிங், பிரஸ் என்று ஓடும் சின்னப் பட்டறைகளில் மோட்டார் பேரிங் திடீரென்று போனால் அன்றைய ஆர்டர் போச்சு. பேரிங் கெட ஆரம்பிக்கும்போதே அதிர்வு மாறும், காது பழகிய ஃபோர்மேனுக்குத் தெரியும், அவர் லீவு போட்ட அன்று யாருக்கும் தெரியாது. மோட்டாரில் ஓர் அதிர்வு சென்சார் ஒட்டினால் என்ன என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். இப்போது கணக்குப் போடுங்கள். மூன்று திசையிலும் விநாடிக்கு ஆயிரம் தடவை அளக்கிறோம், ஒவ்வொன்றும் 2 பைட், ஆக விநாடிக்கு 6,000 பைட். ஒரு நாளைக்கு 518 மெகாபைட், ஒரே ஒரு மோட்டாருக்கு. இருபது மோட்டாருக்கு எந்தச் சிம்மில் அனுப்புவது, எங்கே சேர்த்து வைப்பது? அதற்குப் பதில் மோட்டாருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர்) அந்த அதிர்வை அலைவரிசைகளாகப் பிரித்துப் பார்த்து, "நேற்று மாதிரியே இருக்கிறேன்" அல்லது "மாறிவிட்டேன்" என்று பத்து பைட் அனுப்பினால் போதும். கூகுள் சிப்புக்குள் தீர்த்த அதே வண்டி வாடகைதான் பட்டறையில் வேறு உருவத்தில் வருகிறது. சின்னச் சிப்பிலேயே ஏஐ மாடலை ஓட்டும் இந்தத் துறைக்கு டைனிஎம்எல் என்று பெயர்.

இதில் பிள்ளைகள் தவறவிடுகிற ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1440 ஆர்பிஎம் மோட்டார் என்றால் விநாடிக்கு 24 சுற்று, அது சுலபம். ஆனால் பேரிங்கில் சின்ன விரிசல் விழும்போது வரும் தட்டல் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒலிக்கும். எல்லோரும் வாங்குகிற மலிவான எம்பியு6050 சென்சார் விநாடிக்கு ஆயிரம் தடவைதான் முடுக்கத்தை அளக்கும், ஆகவே 500 ஹெர்ட்ஸுக்கு மேல் நடப்பது அதற்குத் தெரியவே தெரியாது. அச்சு கோணலானதையும் ஃபவுண்டேஷன் போல்ட் தளர்ந்ததையும் அது சொல்லும், ஆரம்ப கட்ட பேரிங் விரிசலைச் சொல்லாது. மாடலை எவ்வளவு மாற்றினாலும் சென்சார் பார்க்காததை மாடல் பார்க்க முடியாது.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை வருவதை ஏஐ கேமரா முன்கூட்டியே சொல்லிவிடுமா?

இதைக் கேட்கிறவர்கள் ராகி போட்ட குடும்பத்துப் பிள்ளைகள், அதனால் கவனமாகவே பதில் சொல்கிறேன். கோவை மதுக்கரையில் 2024 பிப்ரவரியில் ரயில் பாதை ஓரமாக 12 கோபுரங்களில் சாதாரணக் கேமராவும் வெப்பக் கேமராவும் வைத்து, யானை தண்டவாளத்தை நெருங்கினால் தகவல் போகிற ஏற்பாட்டை வனத்துறை தொடங்கியது. ஆக, செய்ய முடிகிற காரியம்தான். ஆனால் அது குறிப்பிட்ட சில கிலோமீட்டர் ரயில் பாதை, கரண்டும் கேபிளும் கொண்டுபோகலாம். நம் பக்கம் அறுவடைக் காலத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து இறங்கும் கூட்டம் எந்த வரப்பில் ஏறும் என்று யாருக்கும் தெரியாது, சிக்னலும் இருக்காது.

அங்கே லோரா என்கிற, கொஞ்ச மின்சாரத்தில் தூரம் போகும் ரேடியோ உதவும். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம், குறுக்கே மலை இல்லையென்றால் சில கிலோமீட்டர் போகும். ஆனால் தூரமாக அனுப்பும் முறையில் ஒரு தடவைக்கு 50 பைட் வாக்கில்தான் அனுப்ப முடியும். 100 கிலோபைட் போட்டோவை அனுப்ப இரண்டாயிரம் தடவை வேண்டும், அதற்குள் யானை ராகியைத் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கும். அதனால் "இது யானை" என்கிற முடிவை மரத்தில் கட்டிய அந்தப் பெட்டியே எடுக்க வேண்டும், அதுவும் ஒரு சின்ன சோலார் பலகை தருகிற மின்சாரத்தில். படத்தோடு ஒலியையும் சேர்க்கலாம்: யானைகள் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே, நம் காதுக்கு எட்டாத ஒலியில் பேசிக்கொள்கின்றன என்பதை 1980-களில் கேட்டி பெய்ன் என்ற ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தார், அந்த ஒலி வெகுதூரம் போகும். சாதாரண போன் மைக் அதைச் சரியாகப் பிடிக்காது, காற்றடித்தாலும் அதே இடத்தில் சத்தம் வரும், அதைப் பிரித்தெடுப்பதே தனி ஆராய்ச்சி.

என் கருத்தைக் கேட்டால், இதில் கஷ்டமானது யானையை அடையாளம் காண்பது இல்லை. இருட்டில் நிற்கும் எருமையைப் பார்த்து அலாரம் அடிக்காமல் இருப்பதுதான். மூன்று நாள் பொய் அலாரம் வந்தால் நான்காம் நாள் யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள், அந்த நான்காம் நாள்தான் நிஜமாக வரும். கட்டுரையில் 95 சதவீதம் துல்லியம் என்று போட்டிருந்தால், ஒரு ராத்திரிக்கு எத்தனை பொய் அலாரம் என்று தேடிப் பாருங்கள்.

மாங்காயைக் கேமரா வைத்துத் தரம் பிரிக்க முடியுமா?

வெளியில் தெரிகிற கறை, அளவு, நிறம் இவற்றைக் கேமராவால் பிரிப்பது பழைய விஷயம் ஆகிவிட்டது. உள்ளே தண்ணீர் போக எவ்வளவு உலர்பொருள் இருக்கிறது என்பதை அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியை வைத்து, காயை வெட்டாமலே கணிக்கும் கருவிகள் வெளிநாடுகளில் தோட்டத்துக்கே வந்துவிட்டன. நம் பெங்களூரா ரகத்தில் தொல்லை கொட்டைக்குள் இருக்கும் வண்டு. வெளியே ஓட்டையே தெரியாது, எக்ஸ்ரே படத்தில் பார்க்க முயன்ற ஆராய்ச்சிகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரியில் கூழ் ஆலைகள் இத்தனை இருக்கும்போது இந்த வேலையை நம் பிள்ளைகள் எடுத்துச் செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

ரிஸ்க்-ஃபைவ் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது ஒரு சிப்பா?

சிப் இல்லை, மொழி. செயலிக்கு "கூட்டு, எடு, வை, தாவு" என்று கட்டளை சொல்கிற மொழி. இன்டெலுக்கு ஒரு மொழி, ஆர்முக்கு ஒரு மொழி, அவற்றில் சிப் செய்ய வேண்டுமானால் அந்த நிறுவனங்களின் அனுமதி வேண்டும், பணம் வேண்டும். 2010-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து விடப்பட்டது. சென்னை ஐஐடியில் காமகோடி தலைமையிலான குழு இதை வைத்துத்தான் சக்தி செயலிகளைச் செய்தது, 2018-ல் சிப்பாகவே கைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவும் ஐஐடியும் சேர்ந்து சக்தியை அடிப்படையாக வைத்து ஐரிஸ் என்ற சிப்பை அறிவித்தார்கள், சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் செய்தது. இந்த எண் குறையக் குறைய முறை புதியது, 180 என்றால் பழசாயிற்றே என்று கேட்பீர்கள். விண்வெளிக்குப் போகும் சிப்புக்கு வேகத்தைவிட நம்பகம் முக்கியம், அங்கே பழைய முறைக்கு மதிப்பு உண்டு. மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் வேகா செயலிகளும் இதே மொழிதான்.

அப்புறம் ஒன்று, நீங்கள் இஎஸ்பி32-சி3 என்ற மலிவான மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கியிருந்தால் ரிஸ்க்-ஃபைவ் செயலி ஏற்கெனவே உங்கள் பையில் இருக்கிறது.

குவான்டம் கம்ப்யூட்டர் வந்துவிட்டால் இதெல்லாம் வீண்தானே?

வீண் ஆகாது. அது சில வகைக் கணக்குகளுக்கு மட்டும். மத்திய அரசு 2023-ல் 6,003 கோடி ரூபாயில் தேசிய குவான்டம் மிஷனைத் தொடங்கியிருக்கிறது, இயற்பியலில் பிடிப்பு இருந்தால் அந்தப் பக்கம் போங்கள். ஆனால் அது நம் சின்ன போர்டுகளையும் ஓர் இடத்தில் தொடும்: குவான்டம் கம்ப்யூட்டரால் உடைக்க முடியாத, தகவலைப் பூட்டும் முறைகள் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் மூன்று தரங்களை வெளியிட்டது. அதில் சாவி பரிமாறும் முறையின் நடுத்தர அளவில் பொதுச் சாவி 1,184 பைட். இன்று பரவலாக இருக்கும் எக்ஸ்25519 முறையில் வெறும் 32 பைட். லோராவில் ஒரு தடவைக்கு 50 பைட் என்று மேலே சொன்னேனே, அதில் இந்தச் சாவியை அனுப்ப இருபத்துநாலு தடவை வேண்டும். இதை எப்படிச் சமாளிப்பது என்பதில் செய்ய நிறைய இருக்கிறது.

எங்கள் கல்லூரி லேபில் ஒன்றும் இல்லை. பெங்களூருக்குப் போனால்தான் முடியுமா?

பர்கூரில் படித்தாலும் செட்டிகரையில் படித்தாலும் தனியார் கல்லூரியில் படித்தாலும் இந்த ஆதங்கம் ஒன்றுதான். லேபுக்குக் காத்திருக்க வேண்டாம். சிப் வடிவமைப்பை எழுதும் வெரிலாக் மொழியை ஓட்டிப் பார்க்க ஐகேரஸ் வெரிலாக், வெரிலேட்டர், அலைவடிவம் பார்க்க ஜிடிகேவேவ், முழுக் கம்ப்யூட்டரையே மென்பொருளில் ஓட்டிப் பார்க்க ஜெம்5, எல்லாம் இலவசம், பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் ஓடும். ஜெம்5 மட்டும் கம்பைல் ஆக நேரம் எடுக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஐஐடிகளின் இணைய வகுப்பான என்பிடெல்லில் வெரிலாக் பாடங்கள் இருக்கின்றன, ஒனுர் முட்லு என்ற பேராசிரியரின் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் வகுப்புகள் யூடியூபில் முழுசாகக் கிடைக்கின்றன. ஐந்நூறு ரூபாய்க்குள் ஓர் இஎஸ்பி32 போர்டு வரும். அது போதும், ஒரு வருடத்துக்கு.

பேராசிரியர் யாராவது முன்வந்தால், பெங்களூர் சி-டாக்கில் உள்ள சிப்இன் மையம் வழியாகக் கல்லூரிக்கு விலையுயர்ந்த சிப் வடிவமைப்பு மென்பொருள் கிடைக்க மத்திய அரசின் ஏற்பாடு இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். கூச்சப்படாமல் துறைத்தலைவரிடம் போய்க் கேளுங்கள்.

இங்கிலீஷ் கட்டுரையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. எப்படிப் படிப்பது?

முதல் பக்கத்திலிருந்து வரி வரியாகப் படிக்காதீர்கள். படங்களைப் பாருங்கள், பிறகு முடிவுகள், பிறகு முன்னுரை. "பத்து மடங்கு வேகம்" என்று இருந்தால் இரண்டு கேள்வி: எதைவிட? மொத்த வேலையில் எந்தப் பகுதி?

இரண்டாவது கேள்விக்கு 1967-லிருந்து ஒரு விதி இருக்கிறது, ஆம்டால் விதி. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி சில்க் போர்டு போகிறீர்கள். அத்திப்பள்ளி வரை ஒரு மணி நேரம், அங்கிருந்து நெரிசலில் ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். நெடுஞ்சாலையில் பஸ் பத்து மடங்கு வேகமாகப் பறந்தாலும் மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கீழே வராது, இரண்டரை மணி ஒன்றரை மணி சொச்சம் ஆகும், அவ்வளவே. ஒரு பகுதியை மட்டும் வேகமாக்கினால் மீதிப் பகுதி பிடித்து நிறுத்திவிடும். கட்டுரை எழுதியவர்கள் எந்தப் பகுதியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டால் பாதிக் கட்டுரை புரிந்த மாதிரி.

கடைசி வருட ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கலாமா? எல்லோரும் வாங்குகிறார்களே.

வாங்காதீர்கள். நேர்முகத் தேர்வில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், வாங்கிய ப்ராஜெக்ட் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அதைவிட எனக்கு வருத்தம், அந்த ஒரு வருடம் போய்விடுவது. உங்கள் வீட்டு மோட்டாரில் தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்துகிற பெட்டி ஒன்றை நீங்களே செய்து, அது எங்கெங்கே சொதப்பியது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம்.

பொண்ணை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா சார்? வேலை கிடைக்குமா?

சேர்க்கலாம்மா. வேலைக்கு உத்தரவாதம் நான் தர முடியாது, ஆனால் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் எலெக்ட்ரானிக்ஸ், மின்வாகனத் தொழிற்சாலைகள் வந்திருக்கிற இந்தக் காலத்தில் போர்டைப் புரிந்துகொண்டு பழுது கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் சால்டரிங்கில் கை நிற்பது பெண் பிள்ளைகளுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவையுங்கள், கூட நீங்களும் வந்து உட்காரலாம்.

பம்ப்செட்டில் போர்டு வைத்தேன், மோட்டார் ஆன் ஆகும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகிறது. கோட் தப்பா?

மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான், பெரும்பாலும் கோட் தப்பில்லை. என் முதல் பெட்டியும் இப்படித்தான் எங்கள் கிணற்று மேட்டில் ஒரு மாதம் என்னை அலையவிட்டது. ஸ்டார்ட்டரில் மோட்டாருக்குக் கரண்டை விடும் சுவிட்சான கான்டாக்டர் ஒட்டும்போதும் விடும்போதும் ஒரு மின் உதை வரும், அது வயர் வழியாகவும் காற்று வழியாகவும் போர்டுக்குள் புகுந்துவிடும். மோட்டார் இழுக்கும் முதல் விநாடியில் வோல்டேஜும் தணியும், அதே நேரத்தில் வைஃபை அனுப்பப் பார்த்தால் இஎஸ்பி32 ஒரே இழுப்பாகக் கரண்ட் கேட்டு, வோல்டேஜ் பத்தாமல் பிரவுன்அவுட் ஆகி ரீசெட் ஆகிவிடும். போர்டுக்குத் தனி சப்ளை கொடுங்கள், அதன் பக்கத்தில் ஆயிரம் மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒன்று போடுங்கள், கான்டாக்டர் சுருளுக்குக் குறுக்கே அந்த உதையை அடக்கும் ஆர்சி ஸ்னப்பர் மாட்டச் சொல்லுங்கள், சென்சார் வயரை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள், கோட் உறைந்துபோனால் தானாக மறுபடி ஓடவைக்கும் வாட்ச்டாக் வையுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் 415 வோல்ட் இருக்கிறது, மும்முனை கரண்ட் நிற்கிற நேரம்தானே என்று நீங்களாகத் திறக்காதீர்கள், எப்போது திரும்ப வரும் என்று தெரியாது. லைன்மேனையோ பழகிய எலெக்ட்ரீஷியனையோ கூப்பிட்டு, ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகு வேலையை ஆரம்பியுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ரீசெட் ஆனால் போர்டின் போட்டோவையும் சீரியல் மானிட்டரில் வந்த கடைசி பத்து வரியையும் எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வாருங்கள்.